சட்டைப் பைக்குள் ஒரு குமாஸ்தா!

பழைய டிஜிட்டல் டைரியை விட்டு ஸ்மார்ட் போனுக்கு மாறப் போகிறீர்களா? கடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்.

காலை நேரம். தாம்பரம் ரெயில் நிலையம். கடற்கரைக்குப் போகும் மின்சார ரெயில் புறப்படத் தயாராக நிற்கிறது.

உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். எல்லோர் கையிலும் செல்போன்! குனிந்த தலை நிமிரவில்லை.

இந்தப் பாதையில் 1931-ம் ஆண்டில் மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. அப்போது ஆபீசுக்குப் போகிறவர்களின் சட்டைப் பையில் ஒரு சின்ன டைரி இருக்கும். உறவினர் விலாசம், பால் கணக்கு, சீட்டுப் பணம் கட்ட வேண்டிய தேதி எல்லாம் அதில்தான் இருக்கும்.

பிறகு அந்தக் காகித டைரி போயிற்று. பித்தான்கள் வைத்த சின்னப் பெட்டி ஒன்று வந்தது. அதை "டிஜிட்டல் டைரி" என்றார்கள். "பி.டி.ஏ." என்றும் சொன்னார்கள். விலாசம் கேட்டால் விலாசம் சொல்லும். தேதி வந்தால் மணி அடித்து ஞாபகப்படுத்தும். சம்பளம் வாங்காத குமாஸ்தா அது!

இன்று அந்தக் குமாஸ்தாவுக்கும் வயதாகிவிட்டது. அவர் வேலையை ஸ்மார்ட் போன் பார்க்கிறது.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு தாத்தா இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓய்வு பெற்றவர். இருபது ஆண்டுகளாக அவரிடம் ஒரு டிஜிட்டல் டைரி இருக்கிறது. இப்போது அதன் திரை மங்கிவிட்டது. பித்தானை இரண்டு தடவை அமுக்கினால்தான் ஓர் எழுத்து விழுகிறது.

"தாத்தா, இதை இன்னுமா வைத்திருக்கிறீர்கள்? தூக்கிப் போடுங்கள். நல்ல ஸ்மார்ட் போன் ஒன்று வாங்கலாம்" என்கிறான் பேரன்.

"போடா! போன் வாங்குவது பெரிய காரியமா? இதில் முந்நூறு பேருடைய விலாசம் இருக்கிறது. உன் பாட்டி சாப்பிடும் மருந்துகளின் பெயர் இருக்கிறது. உன் அம்மா பிறந்த நேரம்கூட இருக்கிறது. அதெல்லாம் என்ன ஆகும்?" என்கிறார் தாத்தா.

யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரிதான். போனை வாங்கத்தான் வேண்டும். ஆனால் போனைவிட, அதற்குள் போகப் போகும் விவரம்தான் பெரிது!

மரக்கட்டையைச் சுமந்தவர்

இந்தச் சின்னப் பெட்டிகளின் கதை சுவையானது.

1980-களில் ஜப்பானின் காசியோ போன்ற கம்பெனிகள் டிஜிட்டல் டைரிகளைச் செய்து விற்றன. பெயரும் டெலிபோன் நம்பரும் குறித்து வைக்கலாம். கணக்கும் போடலாம்.

அமெரிக்காவில் ஜெப் ஹாக்கின்ஸ் என்று ஒரு என்ஜினீயர். அவர் இன்னும் நல்ல பெட்டி ஒன்றைச் செய்ய நினைத்தார். முதலில் என்ன செய்தார் தெரியுமா? சட்டைப் பைக்குள் போகிற அளவுக்கு ஒரு மரக்கட்டையைச் செதுக்கினார். அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்!

யாராவது தேதி கேட்டால் மரக்கட்டையை வெளியே எடுப்பார். குச்சியால் அதன் மேல் தட்டுவார். குறித்துக்கொள்வது போலப் பாவனை செய்வார். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால், "இப்படி ஒரு பெட்டி இருந்தால் எதற்கெல்லாம் உதவும்?" என்பதை அவர் அந்தக் கட்டையிடமிருந்தே கற்றுக்கொண்டார்.

1996-ல் "பைலட்" என்ற பெயரில் அந்தப் பெட்டி விற்பனைக்கு வந்தது. பின்னர் "பாம்" என்ற பெயர் உலகம் முழுவதும் பரவியது.

அதில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டில். அதில் பெட்டியை வைத்து ஒரு பித்தானை அமுக்க வேண்டும். உடனே உள்ளே இருப்பதெல்லாம் கம்ப்யூட்டரிலும் பிரதியாகிவிடும்.

ஏன் இந்த ஏற்பாடு? அந்தப் பெட்டிக்கு ஒரு பலவீனம் இருந்தது. பாட்டரியைக் கழற்றினால் சுமார் ஒரு நிமிடத்துக்குள் புதிய பாட்டரியைப் போட வேண்டும். தாமதமானால் உள்ளே இருந்தது அத்தனையும் அழிந்துவிடும்!

விவரம் ஓர் இடத்தில் மட்டும் இருந்தால் ஆபத்து. இரண்டு இடத்தில் இருந்தால் நிம்மதி. இதை மறக்காதீர்கள். ஸ்மார்ட் போனுக்கும் இதுதான் சட்டம்.

பெங்களூரில் பிறந்த பெட்டி

நம் நாட்டிலும் இப்படி ஒரு பெட்டி பிறந்தது. அதன் பெயர் "சிம்ப்யூட்டர்". பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர்கள் சிலரும் நண்பர்களும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள்.

அவர்களுடைய எண்ணம் உயர்ந்தது. படிக்கத் தெரியாதவருக்கும் பெட்டி உதவ வேண்டும். எழுத்தைப் பெட்டியே இந்திய மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு பெட்டியைக் கிராமமே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன அட்டை. அட்டையைச் செருகினால் அவரவர் விவரம் வரும்!

2004-ல் "அமிடா சிம்ப்யூட்டர்" விற்பனைக்கு வந்தது. செய்து கொடுத்தது பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம். ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை. அதற்குள் செல்போன் ஊரெங்கும் பரவத் தொடங்கிவிட்டது. தனியாக ஒரு பெட்டியைச் சுமக்க மக்களுக்கு விருப்பம் இல்லை.

டெலிபோனும் டைரியும் ஒன்றாயின

டெலிபோனையும் டைரியையும் ஒன்றாக்க முதலில் முயன்றவர்களில் ஐ.பி.எம். கம்பெனியும் ஒன்று. 1994-ல் அது "சைமன்" என்ற போனை விற்றது. எடை சுமார் அரை கிலோ! பேசினால் ஒரு மணி நேரத்தில் பாட்டரி தீர்ந்துவிடும்.

அடுத்த ஆண்டுதான் இந்தியாவில் செல்போன் வந்தது. 1995 ஜூலை 31-ந் தேதி, அப்போதைய மேற்கு வங்க முதல்-மந்திரி ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் பேசினார். மறுமுனையில் மத்திய மந்திரி சுக்ராம். அந்தக் காலத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். பிறர் கூப்பிட்டு நாம் பேசினாலும் நமக்குக் காசு போகும்!

2007-ல் ஐபோன் வந்தது. 2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. அதோடு தனிப் பெட்டிகளின் காலம் முடிந்தது. பாம் கம்பெனியை 2010-ல் எச்.பி. கம்பெனி வாங்கியது. 2011-ல் அந்த வகைக் கருவிகளைச் செய்வதையே நிறுத்திவிட்டது.

டைரி கம்பெனி மட்டுமா போயிற்று? போன் கம்பெனிகளும் தப்பவில்லை. தாம்பரத்துக்கு மேற்கே இருக்கும் ஸ்ரீபெரும்புதூரைப் பாருங்கள். அங்கே 2006-ல் நோக்கியா தொழிற்சாலை தொடங்கியது. கோடிக்கணக்கான போன்கள் அங்கிருந்து புறப்பட்டன. 2014 நவம்பர் 1-ந் தேதி அங்கே உற்பத்தி நின்றது.

பிளாக்பெர்ரி கதை என்ன? அதன் பழைய போன்களுக்கான சேவை 2022 ஜனவரி 4-ந் தேதியோடு நிறுத்தப்பட்டது.

கம்பெனி வரும், போகும். போனும் வரும், போகும். அக்காவின் விலாசம் போகலாமா?

தாம்பரம் ரெயிலில் வந்த புதுமை

"அப்படியானால் பழைய பெட்டியே போதுமே!" என்று சொல்லலாம். போதாது.

2015 ஏப்ரல் 22-ந் தேதி எழும்பூர் - தாம்பரம் பாதையில் ஒரு புதுமை நடந்தது. காகிதம் இல்லாத ரெயில் டிக்கெட்! ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர் போனிலேயே டிக்கெட் எடுக்கலாம். பரிசோதகர் வந்தால் போனைக் காட்டலாம். வரிசையில் நிற்க வேண்டாம்.

2025 ஜூலை மாதம் ரெயில்வே "ரெயில் ஒன்" என்ற செயலியை வெளியிட்டது. முன்பதிவு டிக்கெட், முன்பதிவு இல்லாத டிக்கெட் இரண்டையும் அதில் எடுக்கலாம்.

பழைய பெட்டி ரெயில் நேரத்தைக் குறித்து வைக்கும். ஸ்மார்ட் போன் டிக்கெட்டே வாங்கிக் கொடுக்கும். ஆகவே மாறுவதில் லாபம் இருக்கிறது.

ஆனால் அதே 2015-ம் ஆண்டு தாம்பரம் மக்களுக்கு இன்னொரு பாடமும் கற்பித்தது. அது கசப்பான பாடம்!

ஒரே நாளில் 49 சென்டிமீட்டர்!

2015 டிசம்பர் 1-ந் தேதி மழை கொட்டியது. மறுநாள் காலை வரை 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர்!

அடையாறு பெருகியது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. படகில் போய் மக்களை மீட்டார்கள். மின்சாரம் இல்லை. செல்போன் கோபுரங்கள் பல செயலிழந்தன.

சிலரிடம் போன் இருந்தது, சார்ஜ் இல்லை. சிலருடைய போன் தண்ணீரில் நனைந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் போன் கொடுத்தாலும் யாருடைய நம்பரைப் போடுவது? மகன் நம்பர் என்ன? மருமகன் நம்பர் என்ன? எல்லாம் செத்துக் கிடக்கும் போனுக்குள் அல்லவா இருக்கிறது!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் முடிச்சூர் பக்கம் தண்ணீர் சூழ்ந்தது.

ஆகவே போன் வாங்கும்போது, "படம் நன்றாக எடுக்குமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இந்த போன் நாளைக்கே போய்விட்டால் என் விவரம் எங்கே இருக்கும்?" என்றும் கேளுங்கள்.

கடையில் செய்ய வேண்டிய ஐந்து சோதனைகள்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் எங்கும் போன் கடைகள் இருக்கின்றன. கடைக்காரர் பத்து போனை எடுத்து மேஜை மேல் வைப்பார். மயங்க வேண்டாம். ஐந்து சோதனைகள் செய்யுங்கள்.

ஒன்று: ஆயுள். ஸ்மார்ட் போனுக்குக் கம்பெனி அவ்வப்போது புதிய மென்பொருளை அனுப்புகிறது. திருடர்கள் நுழையும் ஓட்டைகளை அது அடைக்கிறது. "எத்தனை ஆண்டுகளுக்கு அனுப்புவீர்கள்?" என்று கேளுங்கள். கூகிள் கம்பெனி 2023-லும், சாம்சங் கம்பெனி 2024-லும் தங்கள் சில உயர்ந்த ரகங்களுக்கு ஏழு ஆண்டுகள் என்று அறிவித்தன. விலை குறைந்த ரகங்களுக்கு ஆண்டுகள் குறையலாம். பழைய ரகம் மலிவாகக் கிடைத்தால் கவனம்! அந்த ரகம் முதலில் வெளிவந்த நாளிலிருந்தே கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டு: எழுத்து. கடையிலேயே எழுத்தின் அளவைப் பெரிதாக்கிப் பாருங்கள். வீட்டுப் பெரியவர் கண்ணாடி போட்டு வாசிக்க முடிகிறதா? பழைய டிஜிட்டல் டைரிகளில் சொந்தக்காரர் பெயரை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருந்தது. இப்போது அந்தக் கவலை இல்லை. தமிழில் எழுதலாம். 2017 முதல் கூகிளின் குரல் தட்டச்சு தமிழையும் புரிந்துகொள்கிறது. "பெரியப்பா, திண்டிவனம்" என்று சொன்னால் போனே எழுதிவிடும்!

மூன்று: பாட்டரி. பழைய பெட்டிக்கு இரண்டு சின்ன பாட்டரி போட்டால் வாரக்கணக்கில் வரும். ஸ்மார்ட் போனுக்கு அப்படி இல்லை. பெரும்பாலும் தினந்தோறும் சார்ஜ் போட வேண்டும். பெட்டியின் மேல் 5,000 எம்.ஏ.எச். அல்லது அதற்கு மேல் போட்டிருந்தால் நல்லது. பாட்டரியை நாமே கழற்றி மாற்ற முடியாத போன்களே அதிகம். ஆகவே பழுது பார்க்கும் இடம் வீட்டுக்கு அருகில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

நான்கு: தண்ணீர். "ஐ.பி. 67" என்று இருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் இருந்தாலும் தாங்கும்படி சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "ஐ.பி. 68" அதைவிடக் கடுமையான சோதனை. நம் புறநகரில் இது ஆடம்பரம் இல்லை. ஆனால் ஒன்று: தண்ணீரால் கெட்ட போனுக்குப் பெரும்பாலான கம்பெனிகள் உத்தரவாதம் தருவதில்லை.

ஐந்து: கொள்ளளவு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 1996-ல் வந்த சின்ன பைலட் பெட்டியின் கொள்ளளவு 128 கிலோபைட். அதில் 500 விலாசம் அடங்கியது. இன்று 128 ஜிகாபைட் போன் சாதாரணம். அது பத்து லட்சம் மடங்கு பெரியது! விலாசத்துக்கும் மருந்துப் பட்டியலுக்கும் இதுவே மிக மிக அதிகம். படமும் வீடியோவும் நிறைய எடுப்பவர்கள்தான் அதற்கு மேல் காசு கொடுக்க வேண்டும்.

விலாசங்களைக் குடி மாற்றுவது எப்படி?

போன் வாங்கியாயிற்று. இனிதான் உண்மையான வேலை.

பழைய பெட்டியைக் கம்ப்யூட்டருடன் இணைக்க வயர் இருந்தால் அதிர்ஷ்டம்தான். விலாசங்களை "வி-கார்டு" என்ற வகைக் கோப்பாக எடுக்க முடியுமா என்று பாருங்கள். 1990-களில் ஏற்பட்ட பொது வடிவம் அது. ஐபோனும் படிக்கும், ஆண்ட்ராய்டும் படிக்கும்.

வயர் இல்லையா? கையால்தான் ஏற்ற வேண்டும். பயப்படாதீர்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பெயர். ஒரு மாதத்தில் முந்நூறு பெயர் முடிந்துவிடும். தாத்தா வாசிக்கட்டும், பேரன் ஏற்றட்டும்.

பெயரைச் சேமிக்கும்போது, எங்கே வைக்க வேண்டும் என்று போன் கேட்கும். போனிலா, சிம் கார்டிலா, கணக்கிலா? இங்கே கவனம்!

போனில் மட்டும் வைத்தால், போன் போனால் விவரமும் போகும். சிம் கார்டில் இடம் குறைவு. பெயரும் நம்பரும்தான் நிற்கும். வீட்டு விலாசம் நிற்காது. கூகிள் கணக்கிலோ ஆப்பிள் கணக்கிலோ வைத்தால் வெளியே ஒரு பிரதி இருக்கும். புது போனில் அதே கணக்கைத் திறந்தால் எல்லாம் வந்து சேரும். பாம் பெட்டியின் தொட்டில் செய்த வேலையை இன்று இந்தக் கணக்கு செய்கிறது.

ஆனால் கணக்கின் ரகசியச் சொல் மறந்துவிட்டால்? அதையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் பத்திரமான இடத்தில் வையுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. உங்கள் விலாசங்கள் முழுவதையும் கோப்பாக வெளியே எடுத்து மகளுக்கு அனுப்பிப் பாருங்கள். உள்ளே போனது வெளியேயும் வருகிறதா? வந்தால்தான் அந்த போன் நல்ல குமாஸ்தா!

திருடு போனால்...?

பழைய பெட்டி ஊமை. உலகத்தோடு அதற்குத் தொடர்பு இல்லை. ஸ்மார்ட் போன் அப்படி அல்ல. ஆகவே பாங்கு கார்டின் ரகசிய எண்ணைப் பழைய பெட்டியில் எழுதி வைத்தது போல இதில் எழுதி வைக்கக் கூடாது. திரைக்குப் பூட்டுப் போடுங்கள். யாராவது ஏமாற்றிப் பணத்தைப் பறித்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும்.

ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்க அடையாள எண் உண்டு. நட்சத்திரம், கட்டம், பூஜ்யம், ஆறு, கட்டம் என்று அழுத்துங்கள். அது திரையில் தெரியும். குறித்து வையுங்கள். போன் தொலைந்தால் போலீசில் புகார் செய்துவிட்டு, மத்திய அரசின் "சஞ்சார் சாத்தி" மூலம் அந்த எண்ணை முடக்கலாம்.

பழைய போன் வாங்குகிறவர்களுக்கும் இது உதவும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். முதலில் அந்த எண்ணைச் சஞ்சார் சாத்தியில் போட்டுப் பாருங்கள். முடக்கப்பட்ட போன் என்று தெரிந்தால் தொடாதீர்கள்!

தாத்தாவின் தாள்

ஒரு மாதம் ஆயிற்று. தாத்தா வாசிக்க, பேரன் முந்நூறு பெயரையும் ஏற்றிவிட்டான்.

இதற்குள் அவனுக்குப் புதிய உறவுகள் பல தெரிந்துவிட்டன. "விழுப்புரத்து அத்தை என்கிறீர்களே, அது யார் தாத்தா?" என்று கேட்டான். தாத்தா ஒரு மணி நேரம் கதை சொன்னார். சில பெயர்கள் வந்தபோது, "இவர் போய்விட்டார்டா. ஆனாலும் பெயர் இருக்கட்டும்" என்றார். பேரன் மறுபேச்சுப் பேசாமல் ஏற்றினான்.

பாட்டியின் மருந்துக்குக் காலையும் இரவும் போன் மணி அடிக்கிறது. போனைத் திறக்காமலே பார்க்கும் அவசர விவரத்தில் தாத்தாவின் ரத்த வகையும் மகளின் நம்பரும் இருக்கின்றன.

"இப்போதாவது பழைய பெட்டியைத் தூக்கிப் போடலாமா, தாத்தா?"

"குப்பைத் தொட்டியில் போடாதே. பாட்டரி உள்ள சாமானை மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் இருக்கட்டும். ஏதாவது விட்டுப்போயிருந்தால் பார்த்துக்கொள்ளலாம்."

பிறகு தாத்தா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். பத்து நம்பர்களைப் பெரிய எழுத்தில் எழுதினார். மகள், மருமகன், டாக்டர், பக்கத்துத் தெரு நண்பர்... தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டார். அலமாரிக் கதவின் உட்புறம், மேல் தட்டுக்கு நேராக ஒட்டினார்.

"இவ்வளவு உயரத்திலா?" என்றான் பேரன்.

"வெள்ளம் அவ்வளவு உயரத்துக்கு வராதுடா!" என்றார் தாத்தா.